அடுத்த பக்கம் தெரியாதவர் எழுதும் குறிப்பேடு: ஃபேன்டஸி ஆர்பிஜிக்கு நம்பும்படியான குவெஸ்ட் லாக் எழுதுவது எப்படி

“மலைக்கோயில் பூசாரியைச் சந்திக்கவும் – 0/1.” எந்தப் பயணியும் தன் நோட்டில் இப்படி ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் ஆர்பிஜிகளில் (ஒரு பாத்திரமாக இருந்து ஆடும் கேம்கள்) குவெஸ்ட் லாக், அதாவது நாயகன் ஏற்ற பணிகளின் குறிப்பேடு, என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி இந்த ரகம்தான். வாளும் மந்திரமும் உள்ள உலகத்துக்குள் அலுவலகச் சுற்றறிக்கை புகுந்த மாதிரி இருக்கும்.

இந்த வழிகாட்டி இரண்டு கூட்டத்துக்கு. பகடையும் தாளும் வைத்து மேசையில் ஆடுகிறவர்கள் ஒரு பக்கம், சின்னதாக ஒரு கேம் செய்துகொண்டிருப்பவர்கள் இன்னொரு பக்கம். நான் இருப்பது தேனி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய கம்பம் என்ற ஊரில். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் குமுளியிலிருந்தும் லோயர் கேம்பிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அதனால் உதாரணங்களில் மலைப்பாதையும் சாவடியும் ஏலக்காயும் அடிக்கடி தலைகாட்டும்.

விதி ஒன்றே ஒன்றுதான். குறிப்பேட்டை எழுதுகிறவருக்கு, எழுதுகிற அந்த நேரத்தில் என்ன தெரியுமோ அது மட்டும்தான் அதில் இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த விதியைக் கடைப்பிடிக்கும் வேலை.

படி 1: பிளேயரின் நோட்டையும் பாத்திரத்தின் நோட்டையும் பிரியுங்கள்

ஆரம்பக் காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. 1981-ல் வந்த விசார்ட்ரியை ஆடியவர்கள் கட்டம் போட்ட தாளில் தாங்களே வரைபடம் போட்டார்கள். 1985-ன் அல்டிமா 4 துணியில் அச்சிட்ட வரைபடம் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தது. ஊர்க்காரர்கள் சொன்னதை எழுதிவைப்பது ஆடுபவர் பாடு. 1988-ல் பூல் ஆஃப் ரேடியன்ஸ் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு வந்தது. கேம் ஒரு எண்ணைச் சொல்லும், நீங்கள் புத்தகத்தில் அந்த எண்ணுள்ள பத்தியைப் படிக்க வேண்டும். குறும்பு என்னவென்றால், அதில் பொய்ப் பத்திகளும் உண்டு. முன்கூட்டியே புரட்டிப் பார்த்தவர் ஏமாந்துபோவார்.

2002-ல் மோரோவிண்ட் நாட்குறிப்பை நாயகனின் கையில் கொடுத்தது. தேதி போட்டு, “நான்” என்று சொல்லி, நடந்த வரிசையில் பதிவுகள் ஓடும். படிக்க நன்றாக இருந்தது. தேடத்தான் முடியவில்லை. பல வாரம் ஆடிய பிறகு, யாரோ ஒரு வியாபாரி சொன்ன வழியைக் கண்டுபிடிக்கப் பக்கம் பக்கமாகத் திருப்ப வேண்டியிருந்தது. அதே ஆண்டு வந்த டிரிப்யூனல் விரிவாக்கத்தில் குவெஸ்ட் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதியைச் சேர்த்தார்கள். அடுத்து 2006-ல் ஆப்லிவியன் வந்தபோது, போக வேண்டிய இடத்தைக் காட்ட திசைகாட்டியிலேயே அம்புக்குறி. அதற்கப்புறம் நாட்குறிப்பை யார் படித்தார்கள்?

நிஜம்போல வேண்டும் என்பவரும் வசதி வேண்டும் என்பவரும் இருவருமே சரி. தவறு, இரண்டு வேலையையும் ஒரே பக்கத்தில் திணிப்பது. ஒரு மாதம் கழித்து கேமுக்குத் திரும்பும் ஆளுக்கு “இதுவரை நடந்தது” என்ற நான்கு வரி தேவை. அது கேம் பிளேயருக்குச் சொல்வது. அதைத் தனியாக வையுங்கள், வேண்டாதவர் அணைத்துவிடட்டும். விட்சர் 3-ல் சேமித்த ஆட்டத்தைத் திறக்கும்போது வரும் சிறு கதைச்சுருக்கம் இந்த வேலையைத்தான் செய்கிறது. குறிப்பேடு பாத்திரத்தின் சொத்து. அதில் நீங்கள் கை வைக்காதீர்கள்.

லாக்கே இல்லாமல் விட்டுவிடலாமே என்று கேட்கலாம். 2022-ன் எல்டன் ரிங் அப்படித்தான் செய்தது. ஆடியவர்கள் மேசையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். அந்த அளவு பிடிவாதம் உங்கள் பிளேயர்களுக்கு இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள்.

படி 2: எழுதுவது யார், எதில், யாருக்காக?

இதை முடிவு செய்யாமல் ஒரு பதிவுகூட எழுத வேண்டாம்.

முதலில், உங்கள் நாயகனுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? ஃபேன்டஸி உலகம் என்றாலே எல்லோரும் சரளமாக எழுதுகிறார்கள், கொல்லன் மகன் உட்பட. 2018-ல் வந்த கிங்டம் கம்: டெலிவரன்ஸ் நாயகன் ஹென்றிக்கு ஆரம்பத்தில் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் கலைந்து தெரியும். ஒரு எழுத்தரிடம் போய்க் கற்றுக்கொண்டால்தான் தெளியும். அது ஃபேன்டஸி இல்லை, வரலாற்றுக் கேம். ஆனாலும் இந்த ஒரு யோசனையைக் கடன் வாங்கலாம். எழுதத் தெரியாதவர் கயிற்றில் முடிச்சுப் போடுவார், சுவரில் கோடு கிழிப்பார், சாவடியில் உட்கார்ந்திருக்கும் எழுத்தரிடம் காசு கொடுத்துச் சொல்லி எழுதுவிப்பார். கடைசி வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுத்தருக்கு இப்போது உங்கள் ரகசியம் தெரியும். அதுவே அடுத்த குவெஸ்ட்.

இரண்டாவது, எழுதும் பொருள். உங்கள் உலகம் தமிழ் மண் சாயலில் இருந்தால் ஓலைச்சுவடி வரும். வரட்டும், ஆனால் ஓலையின் குணங்களோடு வரட்டும். எழுத்தாணியால் கீறிவிட்டு, கரியும் பச்சிலைச் சாறும் தேய்த்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். மாட்டின் முதுகில் ஆடிக்கொண்டே எழுத முடியாது. கீறியதை அழிக்கவும் முடியாது. இடம் குறைவு என்பதால் வாக்கியம் சுருங்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பழைய எழுத்தில் காலும் ரகரமும் ஒரே வடிவம். அப்படியானால் “காடு” என்று எழுதியிருக்கிறதா, “கரடு” என்று எழுதியிருக்கிறதா? எங்கள் பக்கத்தில் கரடு என்றால் மொட்டைப் பாறைக் குன்று. புதையல் காட்டிலா கரட்டிலா என்று பிளேயர்கள் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட இந்த ஒரு எழுத்து போதும். எந்தப் பூட்டுப் புதிரும் இவ்வளவு இயல்பாக அமையாது.

மூன்றாவது, யாருக்காக? தனக்காக எழுதுகிறவர் பெயர்களைச் சுருக்குவார், விளக்கம் தரமாட்டார். முதலாளிக்குக் காட்ட எழுதுகிறவர் செலவைக் கூட்டி எழுதுவார், பயத்தை மறைப்பார். ஊருக்குச் சொல்ல எழுதுகிறவர் அளப்பார். விட்சர் 3-ன் குவெஸ்ட் குறிப்புகள் நாயகன் ஜெரால்ட் எழுதியவை அல்ல. அவன் நண்பன், பாடகன் டேண்டிலியன் பின்னாளில் சொல்வதாக அமைந்தவை. அதனால் அவற்றில் கொஞ்சம் மிகை வந்தாலும் உறுத்துவதில்லை. 1999-ன் பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. நினைவு இழந்து எழும் நாயகனின் முதுகில், குறிப்பேட்டைத் தொலைத்துவிடாதே என்று பச்சை குத்தியிருக்கிறது. குறிப்பேடு அப்போது அவனிடம் இல்லை.

படி 3: ஒரே குவெஸ்டை மூன்று தேதியில் எழுதிப் பாருங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகக் காட்டுக்குள், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்களை விடுவார்கள். கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப் போகும்; தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுவார்கள். வருடத்தில் ஒரே நாள், எல்லைக்கு இரு பக்கமிருந்தும் இரண்டு வழி. குவெஸ்ட் எழுத இதைவிட நல்ல அச்சு கிடைக்காது. கோயிலையும் கதையையும் அப்படியே தூக்கிப் போடாமல், அந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பாத்திரம் உப்புப் பொதி ஏற்றி மலைக்குப் போகும் ஒரு வியாபாரியின் கணக்கர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான லாக் என்றால், “பௌர்ணமிக்குள் மலைக்கோயிலுக்கு விளக்கைக் கொண்டுசெல்லவும். வடக்குப் பாதையில் பாலம் உடைந்துள்ளது.” அவர் எழுதினால் இப்படி இருக்கும்:

“சித்திரை 3. அடிவாரச் சத்திரம். உப்பு எட்டுப் பொதி, ஒன்று நனைந்துவிட்டது. மேலே ஒரு கோயில் உண்டாம், வருசத்தில் ஒரு நாள்தான் நடை திறக்குமாம். சத்திரத்துப் பாட்டி ஒரு விளக்கைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்கிறது. என்றைக்குத் திறக்கும் என்று கேட்டால் ‘நிலா நிறைஞ்சா தெரியும்யா’ என்கிறது. வடக்கு மேட்டு வழி இரண்டு நாள் என்கிறது. மாட்டுக்காரர் மூன்று என்கிறார். சுமக்கப்போவது அவர் மாடு, அவர் கணக்கே கணக்கு.”

“சித்திரை 6. பள்ளத்தில் பாலம் இல்லை. பாட்டி இந்த வழி வந்தது கல்யாணத்துக்கு முன்னால் என்று மாட்டுக்காரர் இப்போது சொல்கிறார். திரும்ப வேண்டியதுதான். நனைந்த பொதியை இங்கேயே விட்டுவிட்டோம்.”

“சித்திரை 10. மேற்குச் சாவடி. நனைந்த உப்பைக் கேட்டு ஒருவன் நம் பின்னாலேயே வருகிறான். உப்பு அவனுக்கு எதற்கு?”

கவனியுங்கள். முதல் பதிவில் இருந்த தவறான தகவல் திருத்தப்படவில்லை. இரண்டாவது பதிவு அதைப் பொய்யாக்குகிறது. பழைய வரி அப்படியே கிடக்கிறது. பாலம் உடைந்தது பாலத்தைப் பார்க்கும் வரை எங்கும் இல்லை. “கேட்டது”, “கண்டது” இரண்டும் வாக்கியத்திலேயே பிரிந்துவிடுகின்றன: -ஆம், என்கிறார், என்று சொல்கிறார் என்பதெல்லாம் கேட்டவை. தமிழில் இதற்கு ஒரு சிறு விகுதியே போதும், பயன்படுத்திக்கொள்ளுங்கள். அப்புறம், குவெஸ்டுக்குச் சம்பந்தமில்லாததாகத் தெரிந்த நனைந்த உப்பு மூன்றாவது பதிவில் திரும்பி வருகிறது. சும்மா நிறம் சேர்க்க எழுதிய வரிகளில் ஏதோ ஒன்று பிறகு உதவ வேண்டும். எல்லாமே உதவினால் பிளேயர் மோப்பம் பிடித்துவிடுவார்.

நிஜ மனிதர்கள் எப்படிக் கலந்து எழுதுகிறார்கள் என்று பார்க்க, புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையைப் படியுங்கள். கப்பல் வந்தது, சரக்கு விலை, யாருக்கும் யாருக்கும் தகராறு, சகுனம், ஊர்ப்பேச்சு எல்லாம் கலந்தே வரும். எது பெரிய செய்தி என்று பல நேரம் எழுதும்போது தெரிவதில்லை. அந்தத் தெரியாமைதான் நமக்கு வேண்டும்.

படி 4: வழியைச் சொல்லில் எழுதுங்கள்

மார்க்கர் (திரையில் இடத்தைக் காட்டும் அம்புக்குறி) இல்லாமல் ஒரு குறிப்பேடு வேலை செய்ய வேண்டுமானால் அதிலுள்ள வழி நன்றாக இருந்தாக வேண்டும். “வடகிழக்கே 400 அடி” என்பது வழி ஆகாது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிக் கேரளத்துக்குப் போக லோயர் கேம்ப் – குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று சாலைகள். இந்தப் பக்கத்து ஆள் யாரிடமாவது வழி கேளுங்கள், வளைவையும் டீக்கடையையும் தண்ணீர் விழும் பாறையையும் வைத்துத்தான் சொல்வார்.

நான்கு விஷயம் இருந்தால் போதும்: கிளம்பும் இடம், கையில் எந்தப் பக்கம் என்ன வரும், எவ்வளவு நேரம், தாண்டிப் போய்விட்டால் எப்படித் தெரியும். கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். “சாவடியிலிருந்து ஆற்றை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஏறு. இரண்டாவது வளைவில் பாறை மேல் வெள்ளைக்கோடு. அங்கே பிரியும் ஒற்றையடிப் பாதை. வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் சுனை வந்துவிடும். மூங்கில் காட்டைப் பார்த்தால் தாண்டிவிட்டாய், திரும்பு.” இதை வைத்துத் திரையில் அம்புக்குறி இல்லாமலே ஒருவர் போய்ச் சேருவார்.

சொன்னவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதும் முக்கியம். கம்பத்துக்காரருக்குக் குமுளி மலை மேற்கே. கோட்டயம் பக்கத்து ஆளுக்கு அதே மலைத்தொடர் கிழக்கே. ஒரே சிகரத்தை ஒருவர் “மேற்கு மலை” என்றும் இன்னொருவர் “கிழக்கு மலை” என்றும் சொல்லும் எல்லை நாட்டில், குறிப்பேட்டில் யார் சொன்னது என்று எழுதிவைக்காத பாத்திரம் வழி தவறியே தீரும். மோரோவிண்ட் ரசிகர்கள் இன்றும் பேசுவது அதன் வாய்வழி வழிகாட்டலைப் பற்றித்தான், கொஞ்சம் திட்டிக்கொண்டே.

படி 5: தேதி

தேதி போடுங்கள். எந்த நாட்காட்டி என்று முடிவு செய்துவிட்டுப் போடுங்கள்.

எல்லையில் இரண்டு நாட்காட்டி ஓடும். தமிழுக்குச் சித்திரையில் வருடம் பிறக்கும், கேரளத்தின் கொல்லம் ஆண்டு சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கும். நம் சித்திரையும் அவர்களின் மேடமும் ஒரே சூரிய மாதம்தான், ஆனால் மாதம் பிறப்பதைக் கணிக்கும் முறை வேறு என்பதால் சில ஆண்டுகளில் நம் புத்தாண்டுக்கு மறுநாள் விஷு வரும். உங்கள் உலகத்தில் இரண்டு நாடுகளுக்கு இப்படி ஒரு நாள் இடைவெளி வையுங்கள். கோயில் “12-ஆம் தேதி” திறக்கும் என்று எதிர்ப்பக்கத்து வணிகர் எழுதிக்கொடுத்த சீட்டை நம்பிப் போனால் ஒரு நாள் பிசகும். நிலாவைப் பார்த்துப் போன பாட்டிக்குப் பிசகாது.

மேசை ஆட்டத்தில் கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், நாள் கணக்கை எழுதிவைப்பது கட்டாயம். 1979-ல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் டன்ஜன் மாஸ்டர் கையேடே இதைக் கறாராகச் சொன்னது.

படி 6: உணர்ச்சியைக் குறையுங்கள், எண்ணைக் கூட்டுங்கள்

“பயங்கரம் என்னைச் சூழ்ந்தது” என்று எவரும் எழுதுவதில்லை, கவிஞர்கள் நீங்கலாக. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் காலையில் முதலில் பார்ப்பது முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செய்தித்தாளில் அடிக்கணக்கு மட்டும்தான் இருக்கும், அடைமொழி இருக்காது. பார்க்கிறவருக்கு அந்த எண்ணே போதும்.

கைவிடப்பட்ட மதகுக் காவலர் குடிசையில் பிளேயர்களுக்கு ஒரு நோட்டுக் கிடைக்கிறது என்று வையுங்கள்:

“அடி 118. மழை.
அடி 118. மழை இல்லை.
அடி 121. மழை இல்லை.
அடி 126. மழை இல்லை. மகனைக் கீழே அனுப்பிவிட்டேன்.”

தண்ணீருக்குள் எது இறங்கியிருக்கிறது என்று இனி நீங்கள் சொல்லவே வேண்டாம். எஸ்டேட் கணக்கப்பிள்ளையின் பேரேடு, சாவடியின் வண்டிப் பதிவு, சத்திரத்தின் கடன் நோட்டு என்று இப்படிப்பட்டவற்றைக் கலந்து வையுங்கள்; எல்லாம் நாட்குறிப்பாகவே இருக்கத் தேவையில்லை.

படி 7: மேசையில் நடத்துவது

கோடு போடாத ஒரு நோட்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு பிளேயர் எழுத்தர், அவர் தன் பாத்திரமாக எழுதுவார். ஆரம்பக் கால ஆட்டங்களில் வரைபடம் போட ஒருவர், கூட்டத்தின் சார்பாகப் பேச ஒருவர் என்று பொறுப்பு பிரிப்பது வழக்கமாக இருந்தது. அதன் நீட்சிதான் இது. ஆட்டம் முடிந்து டீ வரும் நேரத்தில் எழுதினால் போதும், நடுவில் எழுதினால் ஓட்டம் கெடும்.

கேம் மாஸ்டர் அதைப் படிக்கலாம், திருத்தக் கூடாது. பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார்களா? அந்தப் பாத்திரத்துக்கு இனி அதுதான் பெயர். எது உண்மை, எது வதந்தி, எது பிளேயர்கள் தாங்களாகவே கட்டிய கற்பனை என்று உங்களுக்கென்று தனித் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வகையில்தான் நல்ல கதைகள் கிடைக்கும்.

படி 8: கேம் செய்கிறவர்களுக்கு

சிக்கல் வரிசையில்தான் வரும். பிளேயர் பாட்டியைப் பார்க்காமலே மலைக்குப் போய்விடுவார், பிறகு இறங்கி வந்து பாட்டியிடம் பேசுவார். “பாட்டி சொன்ன வழியில் பாலம் இல்லை” என்று முன்பே எழுதிவைத்த பதிவு அங்கே அபத்தமாகும்.

அதனால் பதிவுகளை முழுப் பத்தியாக எழுதாமல் துண்டுகளாக எழுதுங்கள். ஒவ்வொரு துண்டோடும் எங்கே, யார் சொன்னது, கேட்டதா கண்டதா, இதற்குமுன் எது தெரிந்திருந்தது என்ற விவரங்களைச் சேமியுங்கள். மோரோவிண்டில் ஒவ்வொரு குவெஸ்டின் பதிவுகளுக்கும் எண் வரிசை உண்டு. கதை நகர நகர எண் ஏறும். எளிய முறை, சின்ன கேமுக்கு இதுவே போதும். ஆனால் எண் ஏறும்போது பழைய பதிவை மேலெழுதிவிடாதீர்கள், கீழே சேருங்கள்.

தேடும் வசதி வேண்டும்தான், அதைப் பாத்திரம் செய்யக்கூடிய செயலாக மாற்றிவிடுங்கள்: பக்க ஓரத்தில் மை வைப்பது, நூல் கட்டுவது, வரியை அடிப்பது. வரைபடமும் அப்படித்தான். 2007-ல் தொடங்கிய எட்ரியன் ஒடிஸி வரிசையில் நின்டெண்டோ டிஎஸ்ஸின் கீழ்த் திரையில் பிளேயரே நிலவறை வரைபடத்தை வரைவார். தப்பாக வரைந்தால் தப்புதான்.

“குவெஸ்ட் முடிந்தது” என்ற முத்திரையை எடுத்துவிடுங்கள். கூலி வாங்கியதும் கணக்கர் எழுதுவது, “விளக்குச் சேர்த்தாயிற்று. பாட்டி தருவதாகச் சொன்னது பத்துப் பணம், தந்தது ஏழு.” தோற்றுப்போன குவெஸ்டுக்கு அதுகூட வேண்டாம். அவர் அதைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிடுவார்.

படி 9: சோதனை

கேமை ஆடாத ஒருவரிடம் குறிப்பேட்டை மட்டும் கொடுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எழுதியவர் எப்படிப்பட்ட ஆள்? அடுத்து எங்கே போவீர்கள்? இதில் எதை நம்ப மாட்டீர்கள்?

முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் படி 2-க்குத் திரும்புங்கள். இரண்டாவதுக்கு வரவில்லை என்றால் வழிகளைத் திருத்துங்கள், அம்புக்குறியைச் சேர்க்க அவசரப்படாதீர்கள். மூன்றாவதுக்கு “எல்லாவற்றையும் நம்புவேன்” என்று சொன்னால், நீங்கள் எழுதியது இன்னும் சுற்றறிக்கைதான். கேட்டதும் கண்டதும் எங்கே ஒன்றாகிவிட்டன என்று வரி வரியாகத் தேடுங்கள்.